கதையால் கெடுகிறதா குடும்பம்?

சென்ற மாதம் தஞ்சோங் பகாரில், அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளத்தில் கூடும் ஒரு சிறு வாசகர் வட்டத்திற்குச் சென்றிருந்தோம். இருபது பேருக்கு மேல் சேராத கூட்டம் அது. துறைமுகத்தில் உழைத்து ஓய்வு பெற்றோர் சிலர், ஆசிரியைமார் சிலர், பல்கலைக்கழகத்தில் பயிலும் பெண்கள் இருவர், ஆங்கிலப் பள்ளியில் படித்து ஜொகூர்த் தோட்டமொன்றில் கிராணி வேலை பார்த்துக்கொண்டு வார இறுதியில் தாய்வீடு திரும்பும் நாம். அன்று படிக்கப்பட்டது ஜெயகாந்தன் எழுதிய 'அக்கினிப் பிரவேசம்' என்னும் சிறுகதை. அதைத் தெரிந்தெடுத்தவர்கள் அப்பெண்கள் இருவருமே.

கதை முடிந்ததும், அவ்வட்டாரத்தில் நன்மதிப்புப் பெற்ற பெரியவர் ஒருவர் எழுந்தார். "இத்தகைய கதைகளால்தான் நம் குடும்பங்கள் கெடுகின்றன. வயது வந்த பெண்கள் அமர்ந்திருக்கும் சபையில் இதைப் படிக்கலாமா? இனிமேல் குடும்பத்தோடு கேட்கத்தக்க கதைகளையே எடுப்பதென்று தீர்மானம் செய்யுங்கள்" என்றார். பலர் தலையசைத்தனர். தீர்மானம் அடுத்த கூட்டத்தில் வாக்கெடுப்புக்கு வருகிறது. அப்பெண்கள் ஒன்றும் பேசவில்லை. நாமும் பேசவில்லை. மூத்தோர்க்கு எதிரே மறுத்துரைப்பது மரியாதைக் குறைவாகும் என்று வாயடைத்திருந்தோம். அம்மரியாதைக்குக் கோழைத்தனம் என்பதே சரியான பெயர் என்பதை வீடு திரும்பும் வழியிலேயே உணர்ந்தோம். ஆகவேதான் இக்கட்டுரை.

1887-ஆம் ஆண்டிலேயே 'சிங்கை நேசன்' என்னும் தமிழ்ப் பத்திரிகை வெளிவந்த ஊர் இது. 1935-இல் 'தமிழ் முரசு' பிறந்ததும் இவ்வூரில்தான். எழுத்தறிந்த தமிழன் எழுத்தறியாத தமிழனுக்குப் பத்திரிகையை உரக்கப் படித்துக் காட்டிய ஊரில், ஒரு சிறுகதையைப் படிக்கலாமா கூடாதா என்று கை தூக்கி எண்ணப்போகிறோம்! இதைக் கண்டு வாளாவிருத்தல் தகுமா?

பெரியவரின் கட்சியை அவருக்கு அநீதி நேராதபடி முதலில் எடுத்துரைப்போம். அவர் கூறியவை மூன்று. முதலாவது, பழைய தமிழ்க் கதைகள் ஒழுக்கத்தை வளர்த்தன, தென்னாட்டின் புதிய சிறுகதைகள் அதனை அழித்தன என்பது. இரண்டாவது, தவறிய பெண்ணைக் கதையில் மன்னித்தால் தவறாத பெண்ணும் தவறத் துணிவாள் என்பது. மூன்றாவது, வீட்டுக்குள் நடப்பதை வீதிக்குக் கொண்டுவருதல் எழுத்தாளனின் வேலையன்று என்பது. இம்மூன்றையும் ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

பழைய கதைகளை எடுத்துக்கொள்வோம். சிலப்பதிகாரத்தில் கோவலன் மணந்த மனைவியைத் தனியே விட்டு மாதவியின் மனையில் வாழ்ந்து, பொருளனைத்தையும் தொலைத்து, வெறுங்கையனாய் வீடு திரும்புகிறான். இதனைச் சபையில் படிக்கலாகாதென்று எவரும் தீர்மானம் கொண்டுவந்ததில்லை. கண்ணகியின் கற்பைப் பற்றிப் பட்டிமன்றம் நடவாத ஆண்டில்லை. கோவலனின் கற்பைப் பற்றி ஒரு பட்டிமன்றமேனும் நடந்ததுண்டா? அவன் பிழையைக் காப்பியம் மறைக்கவில்லை. படிப்போரே அதனை மறந்தனர்.

அகலிகையின் கதையும் அவ்வாறே. வஞ்சித்தவன் தேவராஜனாகவே இருக்க, வஞ்சிக்கப்பட்டவள் கல்லாகிக் கிடந்தாள். இதுவும் நம் வீடுகளில் குழந்தைகளுக்குச் சொல்லப்படும் கதைதான். 1943-இல் புதுமைப்பித்தன் 'சாபவிமோசனம்' என்னும் கதையை எழுதினார். கல்லாயிருந்து மீண்ட அகலிகை, சீதையும் தீக்குளிக்க நேர்ந்தது என்று கேட்டதும் மீண்டும் கல்லாகிவிடுவதாக அதனை முடித்தார். நிகழ்ச்சி முன்னோர் சொன்னதேயாகும். அவர் சேர்த்தது ஒரு கேள்வி மட்டுமே. ஒருத்திக்குக் கருணை காட்டியவன், தன் மனைவியிடம் மட்டும் சாட்சி கேட்பது எங்ஙனம் என்பதே அக்கேள்வி. ஆகவே பழைய கதைகளில் 'ஒழுக்கக்கேடு' இல்லை, புதியவற்றிலேயே உண்டு என்பது பொருந்தாது. பழைய கதையில் தலை குனிந்து தீர்ப்பை ஏற்ற பெண், புதிய கதையில் தலை நிமிர்ந்து நியாயம் கேட்கிறாள். பெரியவருக்குப் பொறுக்காதது அவள் கேட்ட நியாயமேயன்றி அவள் செய்த செயலன்று.

நிற்க. இரண்டாவது குற்றச்சாட்டிற்கு வருவோம். கதையைப் படித்துப் பெண்கள் தவறுகிறார்கள் என்று கூறும் கனவான்கள், பெண்ணொருத்தி எதனால் எந்நிலைக்கு வருகிறாள் என்பதைக் கதைகள் கூறுமிடத்தில் ஏன் காதைப் பொத்திக்கொள்கிறார்கள்?

அதே புதுமைப்பித்தன் 1934-இல் எழுதிய 'பொன்னகரம்' என்னும் கதையின் நாயகி அம்மாளு, ஓர் ஆலைத் தொழிலாளி. குதிரை வண்டியோட்டியான கணவன் அடிபட்டுப் படுத்திருக்கிறான். அவனுக்குப் பால் கஞ்சி காய்ச்சக் கையில் காசில்லை. சந்தின் இருட்டில் அவள் முக்கால் ரூபாய் சம்பாதிக்கிறாள். எதற்காக? அவனுக்குப் பால் கஞ்சி வார்ப்பதற்காக.

நாம் கணக்கெழுதிப் பிழைப்பவர்கள். எச்செலவையும் அதற்குரிய தலைப்பின் கீழ்ப் பதியவேண்டும் என்பது நம் தொழிலின் முதற்பாடம். அந்த முக்கால் ரூபாயை எத்தலைப்பில் பதிவது? ஒழுக்கக்கேடு என்னும் தலைப்பிலா, கூலிக் குறைவு என்னும் தலைப்பிலா? ஆலை முதலாளியின் பேரேட்டில் வராத பற்று, அம்மாளுவின் உடம்பில் எழுதப்பட்டது. புதுமைப்பித்தன் செய்ததெல்லாம் அப்பற்றைத் தக்க தலைப்பிற்கு மாற்றி எழுதியதே. கணக்கைத் திருத்தியவனைத் திருடன் என்பது எவ்வூர் நியாயம்?

அவரே எழுதிய 'துன்பக்கேணி'யில் திருநெல்வேலிச் சீமைப் பெண்ணாகிய மருதி, இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்குக் கூலியாகச் செல்கிறாள். அங்கே தோட்டத்து அதிகாரத்தின் இச்சைக்கு இரையாகிறாள். தோட்டத் தமிழர்களாகிய நமக்கு இக்கதையைப் படித்துக் காட்ட வேண்டியதில்லை. பிரட்டுக்கு நின்ற பெண்ணுக்கு அன்றைய வேலை உண்டா இல்லையா என்பது ஒருவன் விரலசைவில் இருந்த காலம் நம் தோட்டங்களிலும் இருந்தது. அவ்விரல் துரையின் விரல் மட்டுமன்று. கங்காணியும், நம் போன்ற கிராணிகளும் அக்கையின் விரல்களாகவே இருந்தோம். இதை ஒப்புக்கொள்ளாமல் ஒழுக்கத்தைப் பற்றிப் பேச நமக்கு அருகதை இல்லை.

இன்னொன்றும் கூறுவோம். 1942-43-இல் ஜப்பானியர், பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை போடுவதற்கு நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழரைச் சயாமுக்குக் கொண்டுபோயினர். போனவர்களில் மிகப் பலர் திரும்பவில்லை. லயங்களில் எஞ்சியவர் பெண்களும் குழந்தைகளும் கிழவர்களுமே. நாம் வேலை பார்க்கும் தோட்டத்தில் எண்பது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் தம் தாயின் கதையை நமக்குச் சொன்னார். கணவன் சயாமுக்குப் போய் ஈராண்டாகியும் ஒரு சொல்லும் வராமையால், மரவள்ளிக்கிழங்குக்கும் காவலுக்குமாக அத்தாய் வேறொருவரைத் துணையாகக் கொண்டாள். சண்டை ஓய்ந்தபின் முதற்கணவன் எலும்பும் தோலுமாய் வந்து வாசலில் நின்றான். மூவரும் ஓரிரவு முழுவதும் பேசாமல் அமர்ந்திருந்தனராம். விடிந்ததும் அவன் அடுத்த தோட்டத்தில் வேலை தேடிச் சென்றான். அதன்பின் பொங்கல்தோறும் மகளுக்குப் பாவாடைத் துணி மட்டும் வந்துகொண்டிருந்தது. "அப்பா ரெண்டு பேரு எனக்கு, ரெண்டு பேருமே நல்லவங்க" என்று முடித்தார் அம்மூதாட்டி.

இக்கதையை எவரேனும் எழுதினால், குடும்பத்தோடு கேட்கத்தகாத கதை என்றே பெரியவர் அதனையும் ஒதுக்குவார். அக்குடும்பம் அதனைக் கேட்கவில்லை, வாழ்ந்து தீர்த்தது! அதைச் செய்யத் தூண்டிய சிறுகதை எது? எப்பத்திரிகையைப் படித்து அத்தாய் கெட்டாள்? அவளுக்குத் தமிழ் எழுத்து ஒன்றும் தெரியாது.

இனி மூன்றாவதாகிய வீட்டு இரகசியத்திற்கு வருவோம். இங்கேதான் பெரியவரின் வாதம் அவரையே திருப்பியடிக்கிறது.

'அக்கினிப் பிரவேசம்' 1966-இல் ஆனந்த விகடனில் வெளிவந்தது. மழையில் நனைந்து நிற்கும் ஏழைக் கல்லூரி மாணவி ஒருத்தியைக் காரில் வந்த செல்வன் ஒருவன் ஏற்றிச் செல்கிறான். உலகமறியாத அவளைத் தன் இச்சைக்கு ஆளாக்கி வீட்டருகே இறக்கிவிடுகிறான். அவள் தாயிடம் ஓடிவந்து அழுகிறாள். தாய் முதலில் பதறி அடிக்கிறாள். அக்கம்பக்கத்தார் கேட்டதும் மழையில் நனைந்து வந்தாள் என்று சொல்லி அடக்கிவிடுகிறாள். பின்னர் மகளின் தலையில் தண்ணீரைக் கொட்டிக் குளிப்பாட்டி, நீ தூய்மையாகிவிட்டாய் என்று தேற்றுகிறாள். கதை அவ்வளவே.

வாசகர்காள், சற்றுச் சிந்தியுங்கள். வீட்டுக்குள் நடப்பதை வீதிக்குக் கொண்டுவராதே என்பதுதானே பெரியவரின் உபதேசம்? அத்தாய் அதனை அணுவளவும் பிசகாமல் நிறைவேற்றினாள் அன்றோ? அங்ஙனமாயின் தமிழ்நாடு ஏன் அன்று கொதித்தெழுந்தது? கண்டனக் கடிதங்கள் ஏன் குவிந்தன? அக்கதையின் முடிவை மாற்றி வேறு சிலர் மறுகதைகள் எழுத நேர்ந்தது ஏன்? இரகசியம் காக்கப்படவில்லை என்பதற்காகவா? இல்லை, இரகசியம் காக்கப்பட்டதற்காகவே! அப்பெண் தெருவில் நிறுத்தப்படவில்லை, கிணற்றில் விழவில்லை, கல்லாகவுமில்லை. தண்டனையின்றித் தப்பிவிட்டாள் என்பதே அவர்கள் பொறாத குறை. காரில் வந்தவனுக்கு என்ன தண்டனை என்று கேட்டவர்கள் அவர்களில் எத்தனை பேர்?

ஜெயகாந்தன் இதற்கு அளித்த மறுமொழி வியக்கத்தக்கது. நீங்கள் விரும்பியபடியே தாய் நடந்துகொண்டால் என்ன விளையும் என்று அவர் ஒரு நாவலாகவே எழுதிக் காட்டினார். அதுவே 1972-இல் சாகித்திய அகாதமி பரிசு பெற்ற 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. அதில் தாய் அலறி ஊரைக் கூட்டுகிறாள். தமையன் தங்கையை வீட்டைவிட்டு வெளியேற்றுகிறான். கங்கா என்னும் அப்பெண் படித்து, உத்தியோகம் பார்த்து, சம்பாதித்தும், அவ்வொரு மாலைப் பொழுதைவிட்டு வெளியே வர ஊர் அவளை விடவில்லை. ஒரு குடும்பம் கண்முன்னே சிதறுகிறது. அதைச் சிதைத்தது எது? காரில் நடந்ததைவிட, அதன்பின் கூடத்தில் நடந்ததே அதிகம் சிதைத்தது. பெரியவரே, இது எந்தக் கதையால் கெட்ட குடும்பம்? தங்கள் நீதியால் கெட்ட குடும்பமல்லவா?

இவையெல்லாம் பழங்கதை, இன்று காலம் மாறிவிட்டது என்பாரும் உளர். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் நடந்ததைக் கூறுவோம். பெருமாள்முருகன் 2010-இல் 'மாதொருபாகன்' என்னும் நாவலை வெளியிட்டார். பிள்ளைப்பேறற்ற கணவன் மனைவியரை ஊரின் ஏச்சு எவ்வாறு வதைக்கிறது என்பதே அதன் பொருள். அந்நூலுக்கெதிரே கிளர்ச்சி மூண்டு, 2015 ஜனவரியில் எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அவர் தம்மைப் பற்றித் தாமே அறிவிக்கும் நிலை வந்தது. 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அந்நூலைத் தடை செய்ய மறுத்து, எழுத்தாளர் மீண்டும் எழுத வழி திறந்தது. ஓர் எழுத்தாளன் தன் சாவைத் தானே அறிவிக்கும் அளவுக்குப் போன காரியம், யாரோ ஒருவர் எங்கோ எழுந்து நின்று "குடும்பத்தோடு படிக்கத்தக்கதா?" என்று கேட்டதில்தான் தொடங்கியிருக்கும். தஞ்சோங் பகாரில் நாம் கேட்டதும் அதே வாக்கியந்தான்.

நம் கட்சியிலும் குற்றமில்லாமலில்லை. சீர்திருத்தம் என்னும் போர்வையில் பெண்ணின் அவலத்தை விரித்து எழுதிக் காசாக்குவோர் உண்டு. அவர்களுக்காக நாம் வாதாடவில்லை. மேலும், நாம் இதுவரை சொன்ன கதைகளெல்லாம் ஆடவர் எழுதியவை. குடும்ப ஒழுக்கம் என்றதும் அவர்களுக்கும் பெண்ணின் உடம்பே நினைவுக்கு வருகிறது. பெண்ணொருத்தி எழுதும்போது கண் வேறோரிடத்தில் பதிகிறது. அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' அதற்குத் தக்க சான்று. இருண்ட அச்சமையலறையில் ஆயுளைச் செலவிட்ட பெண்கள் அதன் ஆட்சியையே தம் பெருமையாகக் கருதுவதை அக்கதை காட்டுகிறது. அங்கே ஒருவரும் ஒழுக்கம் தவறவில்லை. ஆயினும் அவ்வீட்டில் நடப்பது நீதியா? பெண்ணுக்குச் சொத்தில் சமபங்கு வேண்டுமென்று 1929-இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. தமிழ்நாட்டுச் சட்டம் அதனை ஏற்க 1989 வரை காத்திருந்தது. பெண்ணுக்குப் பங்கு தராமல் அறுபது ஆண்டு தாமதித்த சமூகம், ஒழுக்கத்தை மட்டும் அவளிடம் ஒரு நாளும் தவணை தராமல் வசூலித்துக்கொண்டிருந்தது.

நம் ஊரின் கணக்கையும் பார்ப்போம். 1961-இல் மாதர் சாசனம் வரும்வரை சிங்கப்பூரில் இந்து ஆடவன் ஒரு மனைவி இருக்க மற்றொருத்தியை மணப்பதைத் தடுக்கச் சட்டமில்லை. ஊரில் ஒரு குடும்பமும் இங்கே ஒரு குடும்பமுமாக வாழ்ந்தோர் நம் முன்னோரில் இல்லையா? இங்கே ஒருத்திக்குப் பிள்ளைகள் பிறந்துகொண்டிருக்க, அங்கே ஒருத்தி மாதந்தோறும் மணியார்டருக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்களை எவரும் ஒழுக்கங்கெட்டவர் என்று தள்ளி வைக்கவில்லை. "அக்கரையில் ஒன்று, இக்கரையில் ஒன்று" என்று சிரித்துவிட்டுப் போனார்கள். கற்பென்பது ஒழுக்கமானால் அஃது இருபாலாருக்கும் பொதுவாதல் வேண்டும் என்று பாரதியார் சொல்லிப் போய் நூறாண்டு கடந்துவிட்டது.

உண்மையில் நம் குடும்பங்களைக் கெடுப்பது எது? கணவனை ஒரு கரையிலும் மனைவியை மறு கரையிலும் வைக்கும் பிழைப்பு முறையே. தஞ்சோங் பகார்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தமிழரில் எத்தனை பேர் மனைவி முகம் காணாமல் ஆண்டுக்கணக்கில் இருந்தனர்! இன்றும் வேலை அனுமதிச் சீட்டில் சிங்கப்பூர் வந்து கட்டடம் கட்டும் தமிழன் தன் மனைவி மக்களை உடனழைத்து வாழ இயலாது. நம் செம்பனைத் தோட்டத்திலும் வெளிநாட்டிலிருந்து ஒற்றையாய் வந்தவர்களே மிகுதி. சம்பள நாளன்று அவர்கள் கைப்பேசியில் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு வரிசையில் நிற்பதை நாம் மாதந்தோறும் காண்கிறோம். கணவனைப் பிரிந்திருப்பவள் அடுத்த அறைத் தம்பதியின் மகிழ்ச்சியைக் கண்டு படும் வேதனையை, 1944-இல் மறைந்த கு. ப. ராஜகோபாலன் 'ஆற்றாமை' என்னும் கதையில் எழுதிவிட்டார். அப்பெண் தவறு ஒன்றும் செய்யவில்லை. பொறாமையால் ஒரு சிறு குறும்பு செய்கிறாள், அவ்வளவே. அவளைப் போன்ற பெண்கள் தஞ்சையிலும் இராமநாதபுரத்திலும் இன்றும் ஆயிரமாயிரம் பேர் உள்ளனர். அவர்களைப் பிரித்து வைப்பது கதைப் புத்தகமா?

பெரியவருக்கு நாம் சொல்லவேண்டியது இதுவே. குடும்பத்தின் மீது தாங்கள் கொண்ட கவலை மெய்யானது, அதனை மதிக்கிறோம். ஆயின் தாங்கள் காவல் நிற்கும் வாசல் தவறானது. நோயாளிக்குக் காய்ச்சல் என்று காட்டும் கருவியை உடைத்தால் காய்ச்சல் தணிந்துவிடாது. கதையைப் பூட்டி வைத்தால் கதையில் நடந்தது நடவாமல் போய்விடாது. ஒன்றே ஒன்று நிகழும். மழையில் நனைந்து வீடு வரும் பெண், அத்தாயைப் போல் ஒருத்தி தன் வீட்டிலும் இருக்கக்கூடும் என்பதை அறியாமலே போய்விடுவாள்.

அக்கதையைத் தெரிந்தெடுத்த பெண்கள் இருவரும் அடுத்த கூட்டத்திற்கு வருவார்களா என்பது ஐயமே. அவர்கள் வராமற்போனால் அந்த வட்டத்தில் எஞ்சுவது நரைத்த தலைகளும், வாய் திறவாத நம் போன்ற கிராணிகளுமே. அதன்பின் எக்கதையைப் படித்தால் என்ன, படிக்காவிட்டால் என்ன?

ஆகவே அன்பர்காள், தீர்மானத்திற்கு எதிராகக் கை தூக்குங்கள். அதனோடு நில்லாமல், 'அக்கினிப் பிரவேச'த்தை மறுமுறையும் சபையில் படிக்கச் செய்யுங்கள். பெண்மக்களை வெளியே அனுப்பிவிட்டுப் படிக்க வேண்டாம். ஆண்மக்களையும் அழைத்துவந்து முன்வரிசையில் அமர்த்திப் படியுங்கள். காரில் வந்தவனின் கதையை அவர்களல்லவா முதலில் கேட்கவேண்டும்? சென்ற முறை வாயடைத்திருந்த நாம், அடுத்த கூட்டத்தில் பெரியவருக்கு வணக்கம் கூறிவிட்டு, எழுந்து நின்று இவ்வளவையும் சொல்வோம்.